லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது: ஸ்லாட்டை மட்டும் நம்பாதீர்கள்

பழைய லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்றைப் போட்டு இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். நடுவில் ஒரு வாரம் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதலில் கார்டு மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா என்று பாருங்கள். பெரும்பாலானவை அப்படித்தான், அதோடு கதை முடிந்தது. தனியாகக் கழன்றால் அநேகமாக எம்எக்ஸ்எம். லேப்டாப்பில் கழற்றி மாட்டக்கூடிய கிராபிக்ஸ் கார்டுகளுக்காக 2004-இல் என்விடியா கொண்டுவந்த வடிவம். 3.0, 3.1 பதிப்புகளில் ஏ வகை 82×70 மி.மீ., பி வகை 82×105. அளவெடுத்துவிட்டே வாங்குங்கள்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஹீட்சிங்க்கை, அதாவது சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகத்தை, கழற்றுங்கள். கார்டின் இரண்டு திருகுகளை எடுத்ததும் அது தானே சாய்ந்து எழும்பும். புதியதையும் அதே சாய்வில் செருகி அழுத்த வேண்டும். ஹீட்சிங்க் திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

நான் சறுக்கியது தெர்மல் பேடில், அதாவது சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டையில். மெமரி சிப்புகளின் மேல் அரை மி.மீ. பேட் இருந்த இடத்தில் ஒரு மி.மீ. ஒட்டினேன். ஹீட்சிங்க் தகடு மெமரியில் முட்டி நின்றதால் நடுவிலுள்ள கிராபிக்ஸ் சிப்பில் பதியவே இல்லை. விளையாட்டைத் திறந்த சில நொடிகளில் சூடேறி அணைந்தது. பழைய பேடை வெர்னியர் காலிப்பரால் அளப்பதே நல்லது, ஸ்கேல் போதாது. கசங்கிய பேட் மெலிதாகக் காட்டும் என்பதால் ஓரத்தில் அளந்து பாருங்கள்.

அடுத்தது கறுப்புத் திரை. வெளி மானிட்டரில் படம் வந்தது, சொந்தத் திரையில் வரவில்லை. கார்டு கெடவில்லை; வேறு மாடலுக்கென எழுதிய வி-பயாஸ் (கார்டை இயக்கத் தொடங்கும், அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அதில் இருந்தது. அதை மாற்றி எழுதும் என்விஃபிளாஷ் என்ற மென்பொருளைக் கொண்டு, இருந்ததைச் சேமித்துக்கொண்டு, என் மாடலுக்கான கோப்பை ஏற்றியதும் சரியானது. சேமிக்காமல் இதைத் தொடாதீர்கள். டிரைவர் 'பொருந்தும் வன்பொருள் இல்லை' என்றால் டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பில் கார்டின் அடையாள எண்ணைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதனால்தான் எம்எக்ஸ்எம்மை நான் படிப்படியாக ஏறும் ஏணியாகப் பார்ப்பதில்லை. செத்த கார்டுக்கு மாற்று, அவ்வளவுதான். ஸ்லாட் ஒன்றாக இருந்தாலும் ஹீட்சிங்க்கும் பயாஸும் ஒவ்வொரு மாடலிலும் வேறு.

பின்சேர்க்கை: பாகங்களை நாமே மாற்றிக்கொள்ளும் வகையில் வரும் ஃபிரேம்வொர்க் 16 லேப்டாப் பற்றிப் பலர் கேட்டார்கள். அதில் விசிறியும் ஹீட்சிங்க்கும் கார்டோடு சேர்ந்தே ஒரு பெட்டியாக வருவதால் என் பேட் தொல்லை கிடையாது. 2024-இல் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் கார்டுடன் வந்த அதே உடலுக்கு 2025-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டை அறிவித்தார்கள். ஒரு தலைமுறை தாண்டியாயிற்று. இன்னொன்று வந்த பிறகுதான் நான் முழுதாக நம்புவேன்.

இன்னொரு சேர்க்கை: மாற்றிய பின் சார்ஜர் போட்டிருந்தும் பேட்டரி இறங்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். புதிய கார்டு குடிக்கும் வாட்டைக் கணக்கில் சேர்த்து சார்ஜரையும் பாருங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.