இசையை விடாமல் பட்டப்படிப்பைத் தெரிவு செய்வது எப்படி? திருகோணமலை மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. பெறுபேறு வர மாதக்கணக்கில் ஆகும். அது வந்த பிறகும் வெட்டுப்புள்ளி, பதிவு என்று கம்பஸ் வாசலை மிதிக்க இன்னும் நீண்ட காலம் இருக்கிறது. வீட்டில் இதைச் சும்மா போகிற காலம் என்பார்கள். பாட்டோ வயலினோ மிருதங்கமோ உயிராக இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெறுமதியான காலம் வாய்க்காது என்பது என் எண்ணம். சங்கீதத்தையே பட்டமாகப் படிப்பதா, வேறொன்றைப் படித்துக்கொண்டு சங்கீதத்தையும் கூடவே வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு விடை இந்த இடைவெளியில்தான் கிடைக்கும். விண்ணப்பப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்த பிறகு யோசித்தால், அக்கம்பக்கத்தார் சொன்னதுதான் படிவத்தில் ஏறும்.

படி 1: இசையில் உங்களுக்குப் பிடித்தது எது என்று எழுதுங்கள்

"எனக்கு மியூசிக் பிடிக்கும்" என்றால் போதாது. மேடையில் பாடப் பிடிக்குமா? சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா? ஒலிப்பதிவு செய்து, வெட்டி ஒட்டி, சத்தத்தைச் சீராக்குவதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறீர்களா? பாட்டின் வரலாறு, பண், ராகம் என்று தேடி வாசிக்கிறவரா? மெட்டுப் போடுகிறவரா? ஒவ்வொன்றும் வேறு வேறு படிப்புக்குக் கொண்டுபோய் விடும். ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். பிறகு மாறினாலும் பரவாயில்லை.

படி 2: நாலு வாரப் பரிசோதனை

இந்த விளக்கத்தில் முக்கியமான படி இதுதான். தாண்டிப் போகாதீர்கள்.

சங்கீதப் பட்டப்படிப்பு என்றால் நாள் முழுக்கப் பிடித்த பாட்டைப் பாடுவது என்று பலர் நினைக்கிறார்கள். செய்முறையோடு இலக்கணம், வரலாறு, கட்டுரை, ஒப்படை எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆகவே இனிப்பான பகுதியை விட்டுவிட்டு, அலுப்பான பகுதியை வைத்து உங்களைச் சோதித்துப் பாருங்கள்.

தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் இருபது நிமிடம் சரளி, ஜண்டை, அலங்காரம், மூன்று காலத்திலும். தெரிந்ததுதானே என்று மூன்றாம் காலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த இருபது நிமிடம் ஒரே ஒரு வர்ணம், கையில் தாளம் போட்டு இரண்டு காலத்தில். நாலு வாரமும் அதே வர்ணம்தான். கடைசி இருபது நிமிடம் கொப்பியும் பேனையும்: 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) எப்படி அமைகிறது, ஏழு தாளமும் ஐந்து ஜாதியும் சேர்ந்து 35 தாளம் எப்படி வருகிறது என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிக் காட்டுங்கள்.

வர்ணத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். பாடி முடித்த உடனே கேட்காதீர்கள். பாடிய சூட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் கேளுங்கள். இன்னொன்றும் செய்யலாம்: வர்ணத்தின் பின்பகுதியில் சரணத்தோடு வரும் எத்துக்கடை ஸ்வரங்களுக்கு வந்ததும் தம்புராச் செயலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாடி, கடைசி ஆவர்த்தனம் முடிந்ததும் மறுபடி கூட்டுங்கள். ஷட்ஜம் இருந்த இடத்தில் இருக்கிறதா, மயிரிழை இறங்கியிருக்கிறதா என்று அந்த நொடியில் தெரியும். இறங்கியிருந்தால் கவலைப்பட வேண்டாம், பயிற்சியில் சரியாகும். கவனிக்க வேண்டியது வேறு. இறங்கியது தெரிந்ததும் "இன்னொருக்கால் பாடிப் பார்ப்போம்" என்று மனம் தானாக எழுகிறதா, போனை மூடி வைக்கத் தோன்றுகிறதா?

ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு வரி எழுதுங்கள். எவ்வளவு நன்றாகப் பாடினீர்கள் என்று எழுத வேண்டாம். உட்கார மனம் வந்ததா இல்லையா என்று மட்டும். நாலாம் வாரம் அந்தக் கொப்பியை வாசித்தால் படம் தெளிவாகும். மூன்று பகுதியிலும் மனம் நின்றிருந்தால் சங்கீதத்தைப் பாடநெறியாக எடுக்கப் பயமே வேண்டாம். பாடுவதில் நின்று, இலக்கணக் கொப்பியைக் கண்டாலே கை ஓடாமல் போயிருந்தால், வேறு பட்டம் படித்துக்கொண்டு குருவிடம் தொடர்வது உங்களுக்கு நல்லது. வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக முடித்துக் கலாவித்தகர் பட்டம் வரை போகலாமே. அதுவும் முழுமையான ஒரு வழிதான், குறைந்த வழி என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

படி 3: எங்கே என்ன இருக்கிறது

திருகோணமலையிலிருந்து தமிழில் சங்கீதம் படிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். ஒன்று, மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இது கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மூதூர், வாகரை ஊடாக பஸ்ஸில் போய்விடலாம். வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவதும் கஷ்டமில்லை. மற்றது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் மருதனார்மடத்தில் இருப்பது. இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றால்தான் ஊரில் பலருக்கு விளங்கும். இரண்டு இடத்திலும் சங்கீதத்தோடு நடனமும் உண்டு.

சங்கீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படிப்புகளையும் பட்டியலில் சேருங்கள். நமது ஊரிலேயே, நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே தொடர்பாடல் கற்கை உண்டு. வானொலி, ஒலிப்பதிவு என்று மனம் போகிறவர் பார்க்க வேண்டியது. கணினி விஞ்ஞானமும் அங்கே உண்டு. ஒலியை வெட்டி ஒட்டுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று பலர் யோசிப்பதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சராக வருவதுதான் ஆசை என்றால், தேசிய கல்வியியற் கல்லூரிகளையும் பாருங்கள். மூன்று வருடப் பயிற்சி, அதில் கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு. பட்டம் முடித்தவர்களுக்கு அரச நியமனம் எப்போது வரும் என்பது ஆளுக்கு ஆள், அரசுக்கு அரசு மாறுகிற விஷயம். நியமனத்துக்காக வீதியில் உட்கார்ந்த பட்டதாரிகளைத் திருகோணமலையிலேயே கண்டிருக்கிறோம். ஆகவே சங்கீதப் பட்டத்துக்குப் போகிறவர் வீட்டில் வகுப்பு நடத்தவும், கோயில் திருவிழாக்களில் வாசிக்கவும் படிக்கும் காலத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விஞ்ஞானப் பிரிவில் படித்துவிட்டுச் சங்கீதத்தைக் கைவிட்டுவிட்டோமே என்று வருந்துகிற பிள்ளைகளுக்கு ஒருவரைக் காட்ட ஆசை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படித்தவர், லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி. பட்டதாரி. நமது திருகோணமலை இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்தவர். அவர்தான் பழந்தமிழரின் யாழ் எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எந்த அளவில் ஒலித்தன என்று கணக்குப் போட்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். வீணைத் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜம், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம். உயர்தரப் பௌதிகவியலில் தந்திகளின் அதிர்வு படித்தவருக்கு இது புதிதில்லை. அந்தப் பாடத்துக்குள்ளே சங்கீதம் இருந்ததை விபுலானந்தர் கண்டார். உங்களாலும் முடியும்.

படி 4: கைநூலை முழுதாக வாசியுங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் அனுமதிக்கான கைநூலை வெளியிடுகிறது. ரியூசன் சேர் சொன்னது, போன வருடம் போன அண்ணா சொன்னது எல்லாவற்றையும் இந்த வருடக் கைநூலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். விதிகள் மாறும்.

ஒவ்வொரு பாடநெறிக்கும் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்தரத்தில் எந்தப் பாடங்கள், எந்தச் சித்தி வேண்டும்? இசட் புள்ளி மட்டும் போதுமா, உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டா? படிப்பு மூன்று வருடமா, நாலு வருடச் சிறப்புப் பட்டமா?

இரண்டாவது கேள்வியில் கவனம் வேண்டும். சங்கீதம் போன்ற பாடநெறிகளுக்குச் செய்முறைத் திறனையும் சோதிப்பார்கள். அதற்கான அறிவித்தலும் விண்ணப்பமும் பொது விண்ணப்பத்தோடு சேராமல் தனியாக வரும், முடிவுத் திகதியும் வேறாக இருக்கும். பொது விண்ணப்பத்தில் சங்கீதத்தை முதலாவதாகப் போட்டாலும், இந்தப் பரீட்சைக்குத் தோற்றாவிட்டால் இடம் கிடைக்காது. கல்லடிக்கும் மருதனார்மடத்துக்கும் உரிய இணையத் தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள்.

விஞ்ஞான, வர்த்தகப் பிரிவுகளுக்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டு: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நமது மாவட்டத்தின் வரிசையைப் பாருங்கள்.

படி 5: செய்முறைப் பரீட்சைக்குத் தயாராகுதல்

சுருதியைத் தீர்மானியுங்கள். பரீட்சை நாளில் பதற்றத்தில் தொண்டை இறுகும். ஆகவே வழக்கமாகப் பாடும் கட்டையில் மேல் பஞ்சமம் எட்டச் சிரமப்படுகிறவர், குருவிடம் கேட்டு அரைக் கட்டை இறக்கிக்கொள்வது நல்லது. புதிய கிருதி ஒன்றை இந்த நேரத்தில் பாடமாக்க வேண்டாம். நன்றாகத் தெரிந்த வர்ணம் ஒன்று, கிருதி இரண்டு, தேவாரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ராகம், தாளம், ஆரோகண அவரோகணம், இயற்றியவர் யார் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

தேவாரத்துக்கு என் பரிந்துரை, சம்பந்தர் நமது கோணமலை மேல் பாடிய பதிகம். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை. கோணேசர் கோயிலில் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பதிகம் என்பதால் நாவில் தானாக வரும். "எந்த ஊர்?" என்று கேட்டால் பதிலும் அதிலேயே இருக்கிறது.

படி 6: வீட்டில் பேசுதல்

வெறும் ஆசையைச் சொல்லிக் கேட்காதீர்கள். நாலு வாரக் கொப்பியையும், படி 3, 4இல் எழுதிய பட்டியலையும் அப்பா அம்மாவின் முன்னால் வையுங்கள். "பாட்டுப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்வி அவர்களுடைய பயத்தில் இருந்து வருகிறது, அது நியாயமான பயம். போர்க்காலத்தையும் கடல்கோளையும் கண்ட தலைமுறைக்கு மாதச் சம்பளம் என்பது சாதாரண விஷயமில்லை. ஆகவே முதலாம் தெரிவு கிடைக்காவிட்டால் என்ன, பட்டம் முடிந்து நியமனம் தாமதித்தால் என்ன என்று இரண்டுக்கும் விடை எழுதிக்கொண்டு போங்கள். மாமாவோ சித்தியோ உங்கள் பக்கம் நிற்பார் என்றால், முதல் பேச்சிலேயே அவரையும் கூட்டிவையுங்கள்.

படி 7: தெரிவு வரிசை

உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதே வரிசையில் போடுங்கள். "இது எனக்குக் கிடைக்காது" என்று மேலே இருக்க வேண்டியதைக் கீழே தள்ளாதீர்கள். கிடைத்தால் போக மனமில்லாத பாடநெறியை இடம் நிரப்பப் போடாதீர்கள்.

படி 8: கம்பஸ் போன பிறகு நேரம் கண்டுபிடித்தல்

வேறு பட்டம் படிக்கிறவருக்குத்தான் இந்தப் படி அதிகம் தேவை. நமது பல்கலைக்கழகங்களில் ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) என்பது விரிவுரை, ஒப்படை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 மணித்தியால உழைப்பு. ஒரு அரையாண்டில் 15 திறமைப்புள்ளி எடுத்தால் 750 மணித்தியாலம். 15 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 50. வாரத்தில் 168 மணித்தியாலம். நித்திரைக்கு 56 போனால் மீதி 112, படிப்புக்கு 50 போனால் 62. சாப்பாடு, உடுப்புத் தோய்த்தல், பஸ், நண்பர்கள் எல்லாம் அதற்குள்தான். அதிலும் வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் சாதகத்துக்கு, அதாவது இசைப் பயிற்சிக்கு, எடுக்க முடியும். நேர அட்டவணை கையில் கிடைத்த அன்றே அந்த ஆறையும் அதில் எழுதிவிடுங்கள். எழுதாத நேரம் தானாக நிரம்பிவிடும்.

விடுதியில் சாதகம் செய்ய இடம் தேடுவது பெரிய பாடு. அறையில் மூன்று நாலு பேர் இருப்பார்கள். குரல் பயிற்சிக்கு விடியற்காலை விரிவுரை மண்டபத்தின் பின்பக்கம், மிருதங்கத்துக்கு மாலையில் மைதானக் கரை, வயலினுக்கு ஒலி குறைக்கும் மியூட் கட்டை என்று சமாளிக்கலாம். முதல் வாரத்திலேயே இசை மன்றத்தின் பொறுப்பாளரைக் கண்டு பேசுங்கள். மன்றத்தின் அறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வாணி விழாவுக்குப் பாடுகிறவர்களை அவர்கள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பாடத் தெரியும் என்று வெளியே தெரிந்ததும் பகிடிவதையில் "பாடு" என்று நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். உங்கள் பாட்டை அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. மாணவ ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தைப் பதிவு நாளிலேயே கேட்டு வாங்கிப் போனில் சேமித்து, வீட்டிலும் ஒருவருக்குக் கொடுத்துவையுங்கள்.