கூழ்ம வெள்ளி செய்முறை: சுத்தமான தண்ணீர், சின்ன மின்னோட்டம்

கூழ்ம வெள்ளி என்பது வெள்ளியின் நுண்துகள்கள் மிதக்கும் நீர். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது குடிப்பதற்கு அல்ல. உள்ளே போகும் வெள்ளி தோலில் படிந்து உடம்பைச் சாம்பல் நீலமாக மாற்றிவிடும். ஆர்கிரியா என்ற அந்த நிலை வந்துவிட்டால் பெரும்பாலும் மாறாது. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் உடலில் சேர்வதை இது தடுக்கவும் கூடும். கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1999-இல் விதியே போட்டது. வீட்டில் செய்ததைப் புண்ணிலோ கண்ணிலோ விடவும் வேண்டாம். வேதியியல் சோதனையாகச் செய்து பாருங்கள். அந்த அளவில் இது அருமையான சோதனை.

தேவையானவை: 99.99 சதவீதத் தூய வெள்ளிக் கம்பி இரண்டு, மூன்று 9 வோல்ட் பேட்டரிகள், 27 கிலோ ஓம் மின்தடை, மல்டிமீட்டர், கண்ணாடி டம்ளர், 250 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர். நகை வெள்ளி ஆகாது. ஸ்டெர்லிங்கில் 7.5 சதவீதம் வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு; அதுவும் கரைந்து வரும்.

டம்ளரைக் கழுவியபின் டிஸ்டில்ட் வாட்டராலேயே கடைசியாக அலசுங்கள். கம்பிகளைத் தேய்த்துத் துடைத்து, நாலு செ.மீ. இடைவெளியில் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். கிளிப் தண்ணீரில் படக்கூடாது. பட்டால் அதன் உலோகமும் கரையும். பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட். மின்தடையையும் மல்டிமீட்டரையும் அதே தொடரில் சேர்த்து, இரு முனைகளையும் ஆளுக்கொரு கம்பியில் மாட்டுங்கள். நடுவில் மின்தடை இருப்பதால், கம்பிகள் தவறித் தொட்டுக்கொண்டாலும் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

தொடக்கத்தில் மீட்டர் ஏறக்குறைய எதுவும் காட்டாது. பயப்பட வேண்டாம், நல்ல தண்ணீருக்கு அதுதான் அடையாளம். வெள்ளி அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்கள், சேரச் சேர அளவு ஏறும். 1 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் நேர்முனையிலிருந்து சுமார் 4 மி.கி. வெள்ளி கரையும். 250 மி.லி.யில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மி.கி.) வேண்டுமென்றால் 2.5 மி.கி. போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைக் குறித்து, கரைந்த வெள்ளியின் அளவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கொஞ்சம் வெள்ளி எதிர்முனையில் கறுப்புப் பஞ்சு போலப் படியும், ஆகவே கணக்கைவிடக் குறைவாகத்தான் தண்ணீரில் நிற்கும். அந்தப் பஞ்சை அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தித் துடைத்தெடுங்கள். உதிர்ந்தால் அடியில் கறுப்புத் தூளாகக் கிடக்கும்.

இப்போது கிடைத்திருப்பது நிறமற்ற நீர். இதில் பெரும்பகுதி அயனி வெள்ளிதான், கூழ்மம் இல்லை. ஒரு துளியை எடுத்து உப்புக் கரைசலில் விட்டால் வெண்மேகம் எழும். அது சில்வர் குளோரைடு. கூழ்மமாக மாற்ற, கடுகளவு சலவைச் சோடாவும் ஒரு சிட்டிகை குளுக்கோஸும் போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்குங்கள். குளுக்கோஸ் அயனிகளை உலோகமாக ஒடுக்க, நீர் மெல்ல இளமஞ்சளாகும். இருட்டில் லேசர் விட்டுப் பாருங்கள், ஒளிக்கற்றை டம்ளருக்குள் நூல் பிடித்தாற்போல் தெரியும். நுண்துகள்கள் 400 நானோமீட்டரை ஒட்டிய நீல ஊதா ஒளியை விழுங்குவதால்தான் இந்த மஞ்சள்.

சொதப்பலுக்குப் பெரும்பாலும் காரணம் அவசரம்தான். மின்சாரம் சீக்கிரம் பாயட்டும் என்று தொடக்கத்திலேயே உப்புப் போட்டால் பால் போலக் கலங்கி, வெளிச்சத்தில் கருத்துவிடும். குழாய்த் தண்ணீரிலும் இதே கதை. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும். மின்தடையைக் குறைத்தால் துகள்கள் பெருத்துச் சாம்பலாக அடியில் தங்கும். இன்னொன்று: தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அயனிகளை மட்டுமே உணரும், துகள்களை அல்ல. அது காட்டும் எண்ணைப் பிபிஎம் என்று எழுதி வைக்காதீர்கள்.

அடர்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், குழந்தைகள் எடுக்காத இடத்தில், "குடிக்காதே" என்று எழுதி ஒட்டி வையுங்கள். வேண்டாதபோது அப்படியே சாக்கடையில் கொட்டாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு வெள்ளி நஞ்சு. உப்புப் போட்டு ஒரு நாள் விட்டால் அடியில் படியும். வடிகட்டித் தாளோடு எடுத்து, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.