பழைய பிஸ்டல் குழல்: தேய்ப்பதற்கு முன் ஊறவிடுங்கள்

கைமாறி வந்த பிஸ்டலின் குழலை எடுத்த எடுப்பில் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். சால்வென்ட்டில் (அழுக்கை இளக்கும் திரவம்) நனைத்த துணித்துண்டை ஒருமுறை உள்ளே ஓட்டிவிட்டு 10 நிமிடம் அப்படியே விடுங்கள், அப்புறம் தேய்த்தால் வேலை பாதியாகக் குறையும். (மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் இதெல்லாம்.)

குழலின் உள்வரிகளில் (உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்கள்) கரியும் குண்டின் மேலுறையிலிருந்து வந்த செம்பும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், திரவம் அடிவரை இறங்கி இளக்க நேரம் வேண்டும். அம்மோனியா கலந்த, செம்பைக் கரைக்கும் சால்வென்ட் என்றால் துணி நீலமாகவோ பச்சையாகவோ வெளியே வரும், அந்த நிறம் வருவது நின்றால் செம்பு போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் வெண்கல பிரஷிலும் செம்புதானே இருக்கிறது, அதுவும் கரைந்து நிறம் காட்டும், குழல் சுத்தமான பிறகும் நீங்கள் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். அதனால் இதற்கு நைலான் பிரஷ்தான் சரி. முடிந்தவரை பின்பக்கத்திலிருந்தே தள்ளுங்கள், குண்டு வெளியேறும் முனை தேய்ந்தால் குறி கெடும்.

வெறும் ஈயக்குண்டு மட்டும் சுட்ட குழலில் இந்த நிறக் கணக்கு உதவாது, அங்கே வெண்கல பிரஷ்தான் வேண்டும். நிக்கல் பூசிய துப்பாக்கியில் அம்மோனியா சால்வென்ட் வேண்டவே வேண்டாம், பூச்சைக் கெடுத்துவிடலாம். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.