உளவியல் படிக்கத் தொடங்குபவர்கள் சிந்தனைப் பிரிவுகளையும் ஆய்வு முறைகளையும் சேர்த்துப் படிக்கும் வழி

உளவியலைப் பாடமாக எடுக்கும் மாணவரின் கையில் முதலில் கிடைக்கும் நூல் எதுவாயினும், அதன் முதல் அத்தியாயம் சிந்தனைப் பிரிவுகளைப் பற்றியும் இரண்டாம் அத்தியாயம் ஆய்வு முறைகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். இவ்வரிசையில் படிக்கும் பலர், முன்னதைப் பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த வரலாறாகவும் பின்னதை வரையறைகளின் தொகுப்பாகவும் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு அத்தியாயங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. மனத்தைப் பற்றி ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு எதைச் சான்றாக ஏற்பது என்பதே அக்கேள்வி. ஒவ்வொரு சிந்தனைப் பிரிவும் அதற்குத் தனக்கேயுரிய விடையோடு வந்தது. அந்த விடையில் குறை கண்டவர்களிடமிருந்துதான் அடுத்த பிரிவு பிறந்தது.

ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்று செய்திகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: அவர்கள் எதை ஆராய வேண்டும் என்றார்கள், தரவை எப்படித் திரட்டினார்கள், அந்த முறையில் மற்றவர்கள் என்ன குறை கண்டார்கள். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு முதலியவற்றுக்கு அந்தப் பக்கத்தில் இடம் தர வேண்டியதில்லை.

முதல் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று பார்ப்போம். வில்ஹெல்ம் வூண்ட் 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்ததைத் தனி அறிவியலாக உளவியல் தோன்றிய தருணமாக நூல்கள் குறிப்பிடுகின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர், ஓர் ஒலியையோ நிறத்தையோ உணர்ந்த உடனே தம் மனத்தில் நிகழ்ந்ததை விவரிப்பார். இதுவே அகநோக்கு முறை. வூண்ட்டிடம் பயின்ற டிட்செனர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அனுபவத்தை அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துக் காட்ட முயன்ற அமைப்புவாதத்தை வளர்த்தார். ஆனால் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள், மனப்படிமம் எதுவும் இல்லாமலே சிந்தனை நிகழ்வதைத் தாங்கள் கண்டதாக அறிவித்தார்கள். டிட்செனர் அதை ஏற்கவில்லை. இரு தரப்பும் தத்தம் மனத்தையே சாட்சியாக நிறுத்தும்போது, வழக்கைத் தீர்க்க வெளியிலிருந்து வரக்கூடிய சான்று எதுவும் இல்லை. குழந்தைகளையும் விலங்குகளையும் இம்முறையால் ஆராயவே முடியாது என்ற குறையும் இருந்தது.

இந்த முட்டுக்கட்டையைப் புரிந்துகொண்டவருக்கு, ஜான் வாட்சன் 1913இல் வெளியிட்ட நடத்தைவாதக் கட்டுரை ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசியது என்பது தானே விளங்கும். உள்ளே நிகழ்வதை விட்டுவிட்டு, எல்லோரும் கண்டு எண்ணக்கூடிய நடத்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றார் அவர். ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் நாயின் உமிழ்நீரைத் துளித் துளியாக அளந்ததும் (அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காகவே), பிற்காலத்தில் ஸ்கின்னர் தம் பெட்டிக்குள் எலி எத்தனை முறை நெம்புகோலை அழுத்துகிறது என்று பதிவு செய்ததும் இந்த நெறியைச் சேர்ந்தவை. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினாலும் அதே எண் வரும் என்பதே நடத்தைவாதத்தின் வலிமை. எண்ண முடியாததை இல்லாததுபோல் நடத்தியது அதன் பலவீனம். டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் வெளியிட்ட ஆய்வில், உணவு எதுவும் வைக்கப்படாத புதிர்ப்பாதையில் பத்து நாட்கள் வெறுமனே சுற்றிய எலிகள், உணவு வைக்கத் தொடங்கியபின் மிக விரைவாக, முதல் நாளிலிருந்தே உணவு பெற்ற எலிகளுக்கு இணையாக ஓடின. பரிசு இல்லாத நாட்களிலும் அவை பாதையைக் கற்றிருந்தன. ஆனால் அந்தக் கற்றல் நடத்தையில் தெரியவில்லை.

மற்றப் பிரிவுகளையும் இப்படியே நிரப்பலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் தேவையில்லை. வில்லியம் ஜேம்ஸின் செயற்பாட்டுவாதத்துக்கு, மனம் எதனால் ஆனது என்பதைவிட அது எதற்குப் பயன்படுகிறது என்பதே முக்கியம் என்ற ஒரு வரி தொடக்கத்துக்குப் போதும். முழுமை அதன் பகுதிகளின் கூட்டுத்தொகை அல்ல என்ற கெஸ்டால்ட் பிரிவுக்கு மாக்ஸ் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட ஆய்வை எழுதுங்கள்: அசையாத இரு கோடுகளைத் தகுந்த இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால் ஒரே கோடு நகர்வதாகத் தோன்றுகிறது, அந்த அசைவு இரண்டு கோடுகளில் எதிலும் இல்லை. சிக்மண்ட் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வுக்கு வரும்போது, தரவு திரட்டிய விதம் என்ற இரண்டாவது குறிப்பைக் கவனமாக எழுத வேண்டும். நோயாளி சொன்னதைக் கேட்டவரும், அதற்குப் பொருள் கண்டவரும், அந்தப் பொருள் சரியா என்று தீர்மானித்தவரும் ஒருவரே. அவர் கருத்துகளில் எவற்றை இன்றும் ஏற்கலாம் என்பது தனி விவாதம்; ஆனால் அவர் முறையில் இருந்த இந்தக் குறையைப் பார்க்கத் தெரிந்தவர் அந்த விவாதத்தில் தெளிவாக நிற்பார். மனிதர் தம் ஆற்றலை முழுமையாக வளர்த்துக்கொள்வதை முதன்மைப்படுத்திய மானுடவாத உளவியலுக்கு ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைகளின் படிநிலையை எல்லோரும் பிரமிடாக வரைகிறார்கள். அவர் 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு இல்லை. நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்துகொள்ளும் பழக்கத்துக்கு இது நல்ல உதாரணம். அதே பிரிவைச் சேர்ந்த கார்ல் ரோஜர்ஸ் சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த முன்னோடி என்பது, முறை பற்றிய நம் கேள்விக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி.

அறிதிறன் உளவியலை நடத்தைவாதத்தின் எதிரி என்று மட்டும் எழுதிவிட்டால் பாதிச் செய்தி போய்விடும். மனத்துக்குள் நடப்பதை ஆராய அது மீண்டும் துணிந்தது உண்மை. ஆனால் எல்லோரும் சரிபார்க்கக்கூடிய அளவீடு வேண்டும் என்ற நடத்தைவாதிகளின் கண்டிப்பை அது கைவிடவில்லை. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் இரண்டு கனவடிவப் படங்களை அருகருகே காட்டி, இரண்டும் ஒரே வடிவம்தானா என்று கேட்டார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று எத்தனை பாகை திரும்பியிருந்ததோ அதற்கு நேர்விகிதத்தில் விடை சொல்லும் நேரமும் கூடியது. மனத்தில் உருவத்தைச் சுழற்றிப் பார்க்கிறோம் என்று எல்லோரும் சொல்வோம். இங்கே அந்தச் சொல்லை நம்ப வேண்டியதில்லை, கடிகாரமே சாட்சி சொல்கிறது.

ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிரித்துப் படித்தல்

இந்த அளவு தயாரிப்பு இருந்தால், முறைகளை வரையறைகளாகப் படிப்பதை நிறுத்திவிட்டு ஓர் உண்மையான ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை. சில பக்கங்களே கொண்டது. முடிவுரையை முதலில் படிக்காதீர்கள். முறையை விளக்கும் பகுதியைப் படித்து, எண்களைப் பார்த்து, நீங்களாக ஒரு முடிவை எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஆசிரியர்களின் முடிவோடு ஒப்பிடுங்கள்.

முதல் சோதனையில் 45 மாணவர்கள் கார் விபத்துகளைக் காட்டும் ஏழு படத்துண்டுகளைப் பார்த்தார்கள். அவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். எல்லோரிடமும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்பது. மாறியது வினைச்சொல் மட்டும். ஒரு குழுவிடம் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்றும், மற்றொன்றிடம் 'மோதியபோது' என்றும், இன்னொன்றிடம் 'தொட்டுக்கொண்டபோது' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் கேட்டார்கள். நொறுங்கியதாகக் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்றுக் கூடுதலாகவும், தொட்டுக்கொண்டதாகக் கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றும் விடையளித்தார்கள். ஆய்வாளர் மாற்றிய வினைச்சொல் இங்கே சாரா மாறி, அளந்த வேகம் சார்ந்த மாறி. இப்படி ஒரு நிகழ்ச்சியோடு படித்தவருக்கு இவ்விரண்டும் பிறகு குழம்புவதில்லை.

இந்த இடத்தில் பேனாவைக் கையில் எடுத்து மறுப்பு எழுத வேண்டும். மாணவர்களின் நினைவு மாறியதா, அல்லது வேகம் சரியாகத் தெரியாததால் கேள்வியின் தொனிக்கு ஏற்றாற்போல் ஓர் எண்ணைச் சொன்னார்களா? கட்டுரையிலேயே இதற்கு வலுவூட்டும் தகவல் இருக்கிறது. நான்கு படத்துண்டுகளில் கார்களின் உண்மையான வேகம் தெரியும். அவை 20, 30, 40, 40 மைல். மாணவர்களின் சராசரி மதிப்பீடுகளோ முறையே 37.7, 36.2, 39.7, 36.1. அதாவது வேகத்தைக் கணிக்க அவர்களால் ஏறக்குறைய முடியவே இல்லை.

ஆசிரியர்களும் இந்த மறுப்பை அறிந்திருந்தார்கள். இரண்டாம் சோதனை அதற்காகவே அமைக்கப்பட்டது. 150 மாணவர்களில் 50 பேரிடம் 'நொறுங்கியபோது' என்றும், 50 பேரிடம் 'மோதியபோது' என்றும் கேட்டார்கள். எஞ்சிய 50 பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. அந்தக் கடைசி ஐம்பதின்மர்தான் கட்டுப்பாட்டுக் குழு. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, பார்த்ததாகச் சொன்னவர்கள் முறையே 16, 7, 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. மோதியதாகக் கேட்கப்பட்டவர்களுக்கும் ஒன்றும் கேட்கப்படாதவர்களுக்கும் வேறுபாடு ஏறத்தாழ இல்லை என்பதைக் கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் நாம் அறிந்திருக்க முடியாது. நொறுங்கியதாகக் கேட்கப்பட்ட 50 பேரிலும் 34 பேர் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றே சொன்னார்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்; கேள்வி கேட்கும் விதத்தால் எவர் நினைவையும் மாற்றிவிடலாம் என்று மேடைகளில் பேசுபவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

சோதனை செய்ய இயலாத இடங்கள்

ஒருவரின் மூளைப் பகுதியை ஆய்வுக்காக அகற்ற முடியாது. ஒரு குழந்தையின் குடும்ப வருமானத்தை ஆய்வாளர் மாற்றியமைக்க முடியாது. அங்கே ஒருவரையே ஆழ்ந்து ஆராயும் தனிநபர் ஆய்வும், இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கும் ஒட்டுறவு ஆய்வும் வருகின்றன. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவை செய்துகொண்ட எச்.எம். என்பவர், அதன்பின் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் திறனை இழந்தார். ஆயினும் கண்ணாடியில் பார்த்தபடி வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார், முந்தைய நாள் அதைச் செய்த நினைவே இல்லாமல். நினைவு என்பது ஒரே திறன் என்ற கருத்தை ஒரே மனிதரைக் கொண்டு அசைக்க முடிந்தது. ஆனால் மக்களிடையே எது எவ்வளவு பரவலாக உள்ளது என்ற கேள்விக்குத் தனிநபர் ஆய்வு பயன்படாது.

ஒட்டுறவில் மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம், இரண்டுக்கும் பின்னாலுள்ள மூன்றாவது காரணம். வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ ஆய்வுகள் இதற்குத் தக்க சான்று. தின்பண்டத்தை உடனே உண்ணாமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறப்பாகப் படித்தார்கள் என்ற செய்தி, பிள்ளைகளின் தன்னடக்கம் பற்றிய அறிவுரையாகவே உலகம் முழுவதும் பரவியது. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு முன்னதைவிடச் சிறிதாக இருந்தது. குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கில் கொண்டதும் மேலும் வெகுவாகக் குறைந்தது.

எந்த ஆய்வையும் நம்புவதற்கு முன், அதை வேறொருவர் மீண்டும் செய்து பார்த்தாரா என்று தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாகச் செய்து 2015இல் வெளியிட்ட முயற்சியில் 100 ஆய்வுகள் மீண்டும் நடத்தப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவை, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவை, காட்டியிருந்தன. மறு ஆய்வுகளில் அது 36 சதவீதம். ஆய்வில் பங்கேற்றவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். வளர்ந்த மேற்கத்திய நாடுகளின் மாணவர்களிடம் கண்டதை மனித இயல்பு என்று எழுதும் பழக்கத்தை ஹென்ரிக்கும் இரு சக ஆய்வாளர்களும் 2010இல் கடுமையாக விமர்சித்தார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து அந்த முடிவுகளைப் படிப்பவர் கேட்காமல் விடக்கூடாத கேள்வி இது.

நீங்களே ஒரு சோதனை நடத்துங்கள்

முறையைக் கற்க இதைவிட விரைவான வழி இல்லை. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அவர்களின் ஒரு சோதனையில், பாடப்பகுதியை நான்கு தடவை படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் 83 சதவீதத்தையும், ஒரு தடவை படித்து மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம்.

இருபது நண்பர்களைச் சேர்த்து, யார் எந்தக் குழு என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஆர்வமுள்ளவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேராமல் இருக்கவே இந்தச் சமவாய்ப்பு முறை. எவருக்கும் அறிமுகமில்லாத ஒரு பகுதியைத் தேர்ந்து, அதை முப்பது கருத்துகளாகப் பிரித்து, எது இருந்தால் மதிப்பெண் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது எந்தக் குழுவினுடையது என்று தெரியக்கூடாது. பங்கேற்பவரிடம் முன்னதாகச் சம்மதம் பெறுவதும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்வதும், முடிந்தபின் நோக்கத்தை விளக்குவதும் நண்பர்களிடமும் விடாமல் செய்ய வேண்டியவை. முடிவு 2006ஆம் ஆண்டு ஆய்வுக்கு மாறாக வந்தாலும் எண்களைத் திருத்தாமல் வைத்திருங்கள். புள்ளியியல் பாடம் தொடங்கும்போது சராசரியையும் திட்டவிலக்கத்தையும் டி-சோதனையையும் பயில அந்த எண்களே போதும்.