ரெண்டு காலிலும் நிற்கிறது: தாடாசனம்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில 14 வருஷமா சேலை பிரிச்சுக் காட்டுறேன். காலையில 10 மணிக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை ஆகிடும். கடை ஊழியர்கள் உட்கார வசதி செஞ்சு தரணும்னு தமிழ்நாட்டுல 2021-ல சட்டம் வந்துச்சு, ஸ்டூலும் வந்துச்சு. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துல அதுல உட்கார நேரம் கிடைக்கிறதில்லை.

என் இடுப்புவலியைக் கண்டுபிடிச்சது செருப்பு தைக்கிற அண்ணன். ரெண்டு செருப்பையும் கவுத்து வெச்சார். வலது குதிகாலோட வெளி ஓரம் மட்டும் தகடு மாதிரி தேஞ்சிருந்தது. "பாரம் பூரா ஒரே கால்ல போடுறியேம்மா"ன்னார். அதுக்கப்புறம்தான் தாடாசனம்ங்கிற, நேரா நிக்கிற யோகாசனத்தைப் பழக ஆரம்பிச்சேன்.

வெறும் தரையில, வெறுங்காலோட நில்லுங்க. மெத்துன்னு பாய் இருந்தா பாதம் சொல்றது கேக்காது. பாதம் நேரா, நடுவுல ரெண்டு விரற்கடை இடைவெளி. கட்டைவிரல் அடி மேடு, சுண்டுவிரல் அடி மேடு, குதிகால் இந்த மூணும் அடுப்புக்கல் மாதிரி தரையில பதியணும். பத்து விரலையும் தூக்கி, விரிச்சு, ஒவ்வொண்ணா இறக்குங்க. அப்புறம் மெதுவா முன்னால, பின்னால, பக்கவாட்டுல சாஞ்சு பாரம் சமமாகுற இடத்தைத் தேடுங்க. எனக்கு அந்த இடம் இடது பக்கம் சாயுற மாதிரியே இருந்தது. கதவு நிலைக்கு முன்னால நிக்கவெச்சு என் பொண்ணு போட்டோ எடுத்துக் காட்டினா. நேராத்தான் நின்னிருக்கேன். இத்தனை வருஷக் கோணல்தான் எனக்கு நேராப் பட்டிருக்கு.

முட்டியைப் பின்னால தள்ளிப் பூட்டாதீங்க, தொடையை லேசா இறுக்கினா போதும். தோள் தளர்ந்து, பார்வை நேரா, அஞ்சாறு மூச்சு. பழகினதும் கைகோத்துத் தலைக்கு மேல தூக்கி, குதிகாலை எழுப்பலாம். தலைசுத்தல், லோ பிரஷர் இருக்கவங்களும் கர்ப்பிணிகளும் குதிகாலைத் தூக்காம, சுவர் பக்கத்துல நில்லுங்க.

ஒரே இடத்துல நின்னா ரத்தம் கால்ல தேங்கும். கெண்டைச்சதை சுருங்குறப்பதான் அது மேல ஏறும். குதிகாலை ஏத்தி இறக்குறது அதுக்குத்தான். கால்ல ரத்தக்குழாய் புடைச்சுச் சுருண்டுக்கிற நரம்பு முடிச்சு (வெரிகோஸ் வெயின்) இதுல குணமாகாது, அதுக்கு டாக்டரைப் பாருங்க. ஆனா எனக்கு சாயங்கால இடுப்புவலி நல்லாவே குறைஞ்சிருக்கு.

காலையில அடிபம்புல என் முறை வர்ற வரைக்கும் நிக்கிறேன். கடையில, வந்தவங்க கண்ணாடி முன்னால சேலையைத் தோள்ல போட்டுப் பார்க்கிற ஒரு நிமிஷம் போதும். அவங்க முந்தானையைச் சரி பண்றப்ப நான் பத்து விரலையும் விரிச்சு வெக்கிறேன்.