இறக்கத்தில் தொடை நடுங்குகிறதா? இங்கிருந்து தொடங்குங்கள்

எனக்கு மாதவிடாய் நின்று நாலு வருஷம் ஆகிறது. மருந்துக்கடை எடை மெஷினில் ஏறினால் அன்றைக்கும் 62, இன்றைக்கும் 62. ஆனால் ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆகிவிட்டது, பாவாடை நாடா இடுப்பில் தடம் பதிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் வாங்கிக்கொண்டு இறக்கத்தில் வந்தால் முழங்காலுக்கு மேலே கிடுகிடுவென்று நடுங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும், வயதோடு தசை கரையும்; ஒன்று ஏறி இன்னொன்று இறங்குவதால் மெஷினுக்கு எதுவுமே தெரியாது. அதனால் கொடைக்கானல் மாதிரி மேடு பள்ளமான ஊரில் இருக்கும் அக்காமார்களே, முதலில் மூன்றை அளந்துகொள்ளுங்கள்.

நடை: சமதளம் வேண்டும், நம்ம ஊரில் அதுதான் கஷ்டம். வண்டி வராத சமமான இடமாகப் பார்த்து சாக்பீஸால் ஒரு கோடு, 6 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு. தையல் டேப் ஒன்றரை மீட்டர், நாலு தடவை வைத்தால் சரியாக வந்துவிடும். கோட்டுக்கு ரெண்டு மூணு எட்டு முன்னாலிருந்தே வழக்கமான வேகத்தில் நடந்து வந்து, முதல் கோட்டில் போன் ஸ்டாப்வாட்சை அமுக்கி அடுத்த கோட்டில் நிறுத்துங்கள், கால் மட்டும் நிற்காமல் தாண்டிப் போகட்டும். 6 வினாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்திருக்கிறது என்பது ஆசிய மருத்துவர்கள் 2019-இல் வகுத்த கணக்கு.

தொடை: கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் வலு போதாது. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும்; என் பிளாஸ்டிக் நாற்காலி மூன்றாவது தடவையிலேயே வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டது. இடுப்பு: 80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது.

அப்புறம் நடக்கத் தொடங்குங்கள். ஏரி ஒரு சுற்று சுமார் 5 கி.மீ., முதல் நாளே அதற்கு ஆசைப்பட வேண்டாம். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு 150 நிமிடம் வரை ஏற்றுங்கள். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக்கூடாது, அந்த வேகம் போதும். நெஞ்சுவலி, முன்பு எலும்பு முறிந்தது, முட்டி வீக்கம் என்று ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர்.

நடை மட்டும் தசையை வளர்க்காது என்று எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது. வாரத்தில் ரெண்டு நாள் அதே நாற்காலியில் பத்து பத்தாக ரெண்டு சுற்று எழுந்து உட்காருங்கள், அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

இறக்கம்தான் கடைசிப் பாடம். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நமக்கு அதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. இறங்கும்போதோ தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்பைத் தாங்க வேண்டும், மறுநாள் படியில் உட்காரக்கூட முடியாத வலி அதனால்தான் வருகிறது. ரெண்டு மூணு நாளில் போய்விடும். சின்ன இறக்கமாகத் தேர்ந்தெடுத்து, குட்டி குட்டி எட்டாக, முட்டியை லேசாக மடக்கி இறங்குங்கள். காய்ப்பையை முதுகில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த படி பக்கமே போகாதீர்கள்.

சாப்பாட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து பட்டர் பீன்ஸ், முட்டை, பயறு.

மூன்று மாதம் கழித்து அதே கோட்டில் அளந்து பாருங்கள். நான் 6.8 வினாடியில் தொடங்கி இப்போது 5.7-க்கு வந்திருக்கிறேன், இடுப்புதான் 88-லிருந்து 86-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.