பிறந்தநாளுக்கு ஒரு நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்

அறுபதாவது பிறந்தநாளை அறுபது கிலோமீட்டர் மிதித்துக் கொண்டாட விரும்புவோர், இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரையிலான ஏறத்தாழ 55 கி.மீ. சாலையைத் தேர்ந்தெடுத்து, மீதியை ஊருக்குள் சுற்றி நிறைவு செய்யலாம். மருத்துவரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

இக்கரையில் தூரத்தைவிடக் காற்றே கடினமானது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியையே தள்ளும்; தனுஷ்கோடிச் சாலையில் மணல் படிந்து சக்கரம் வழுக்கும். பிறந்தநாள் அம்மாதங்களில் வந்தால், பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. விடியும்போதே கிளம்பி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் சங்கிலியை நன்னீரில் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து எண்ணெயிடுங்கள். தாமதித்தால், உப்புக்காற்று பட்ட கண்ணிகளின் இடுக்குகளில் விரைவிலேயே துரு படியத் தொடங்கிவிடும்.